மாமியார் வாயில் விழுந்த ஜீப்

"கேட்டியா கீதா? இந்தத் தகர டப்பாவ இன்னும் ஒசரமா தூக்கப் போறாளாம் என் மருமவ."

ஜெயம்மாள் சொன்னது எதிர்வீட்டுக் கீதாவிடம். கேட்டது தெரு முழுக்க.

மருமகள் இளவரசி மாட்டு டாக்டர். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தினமும் ஒரு பழைய ஜீப்பில்தான் போய் வருவாள். மாமியார் அந்த ஜீப்பைத் திட்டாத நாளே கிடையாது. யாராவது வண்டி நல்லாயிருக்கு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். வீட்டுக்குள் வந்துவிட்டால் அதைப் பற்றி மூச்சு விடமாட்டாள். எல்லாம் தெருவில்தான். இளவரசிக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

ஆனாலும் ஜீப்பை உயர்த்தியே ஆக வேண்டும். போன மழைக்கு ஏரி நிரம்பி, வழிந்த தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் ஓடியது. அக்கரையில் பவளத்தின் மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. அவசரமாகப் போன ஜீப், பாலத்தில் பெயர்ந்து கிடந்த கல்லில் வயிறு தட்டி அங்கேயே நின்றுவிட்டது. இளவரசி இறங்கி, நனைந்து, நடந்து போய்ச் சேர்வதற்குள் மாடும் இல்லை, கன்றும் இல்லை.

பவளம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இப்போது அவளிடம் இருப்பது ஒரே மாடு. அதுவும் நிறைசினை. கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

மெக்கானிக் வசந்த்குமார், நாலு இன்ச் ஏற்றினால் வண்டி சும்மா யானை மாதிரி நிற்கும் என்று ஆசை காட்டினான். கூட வந்த கணவன் தினகரனுக்கு வாயெல்லாம் பல். நாலு இன்ச்சில் வண்டி வளைவில் ஆடாதா, அடியில் வேறு என்னென்ன மாற்ற வேண்டிவரும் என்று இளவரசி கேட்டதும் வசந்த்குமார் தலையைச் சொறிந்தான். அப்படியென்றால் பழைய ஸ்பிரிங்குக்கு மேலேயே வளையம் வைத்துத் தூக்கிவிடலாம், சுலபம் என்றான். அதில் குலுக்கல் குறையாது, மருந்து பாட்டில் ஒன்றுகூடத் தேறாது என்று அதையும் தள்ளினாள்.

"ரெண்டு இன்ச் போதும். ஆனா ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதுசு. டயர் ஒரு சைஸ் பெருசு. தினம் ஓட்டற வண்டிப்பா இது."

தினகரன் முகம் தொங்கிவிட்டது. "ரெண்டு இன்ச் ஏத்தனா யாருக்குத் தெரியும்?"

"பாலத்துக் கல்லுக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள் இளவரசி.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடியது. ராஜா மாதிரி இருக்கிறது என்று கீதா சொல்லி வாய் மூடவில்லை.

"ராஜாவா? ஒட்டகம் மாதிரி நிக்குது பாரு. இதுல ஏற ஏணிதான் வேணும்" என்றாள் ஜெயம்மாள்.

இளவரசி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஏரி மறுபடி நிரம்பியது. ஒருநாள் விடிந்ததும் பவளத்திடமிருந்து போன். கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறதாம்.

பாலத்தின் மேல் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வண்டிகளெல்லாம் கரையிலேயே நின்றன. போக வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இளவரசி தண்ணீரை ஒருமுறை பார்த்தாள், கியரை மாற்றினாள், ஜீப்பை மெதுவாக இறக்கினாள்.

கல் இருக்கும் இடம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டாள். அடியில் ஒரு சத்தம்? ஒரு உரசல்? ஒன்றுமே இல்லை. கல்லைத் தாண்டி வண்டி அக்கரையில் ஏறியதும் இந்தக் கரையில் பறந்த விசில் அவளுக்குக் கேட்டது. அவளும் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

பெண் கன்று. வெயில் ஏறுவதற்குள் எழுந்து நின்று பால் குடித்தது. பவளம் டாக்டரைக் கட்டிக்கொள்ளவில்லை. சேறு அப்பிய ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாயந்திரம் இளவரசி வீடு திரும்புவதற்கு முன்பே, பாலத்தைத் தாண்டிய வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. தெருவே வாசலில் நின்று கைதட்டியது. வண்டின்னா இதுதான் வண்டி என்று ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள்.

ஜெயம்மாள் வெளியே வந்தாள். தெரு அடங்கியது.

"பெரிய்ய வண்டி. சேத்தக் கொண்டாந்து வாசல்ல கொட்டத்தான் லாயக்கு."

இந்தம்மாவுக்கு மனசா கல்லா என்று கீதா முணுமுணுத்தபடி போனாள். கூட்டம் கலைந்தது. ஊரே கொண்டாடிய நாளில்கூட இவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று இளவரசிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று உள்ளே போனவள், மாமியாரை அங்கே காணாமல் அப்படியே திரும்பி வாசலுக்கு வந்தாள்.

ஆளில்லாத தெருவில் ஜெயம்மாள் குனிந்து, நாலு டயருக்கு அடியிலிருந்தும் மண் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதோடு உப்பையும் காய்ந்த மிளகாயையும் கைக்குள் மூடி, முட்டி வலியோடு ஜீப்பை மூன்று முறை சுற்றி வந்தாள். துப்பினாள். வாசல் ஓரத்து வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகில் போட்டாள்.

மிளகாய் படபடவென்று வெடித்தது. ஒரு தும்மல், ஒரு இருமல்கூட வரவில்லை. கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பது இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்த கணக்கு.

ஜெயம்மாள் மருமகளைப் பார்த்தாள். கவலையோடு தலையை ஆட்டினாள்.

"பாத்தியா, ஒரு கமறல் இல்ல. ஊர்க் கண்ணு அத்தினியும் நம்ம வண்டி மேலதான் கீது. நான் இவ்ளோ திட்டியும் பத்தல போல. நாளைலேர்ந்து இன்னும் கொஞ்சம் சத்தமாவே திட்டணும்."