கழுதையின் மனம் புண்பட்ட கதை

குளத்தங்கரை மரத்தில் ஒரு மைனா இருந்தது. சாயங்காலமானால் அது ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைக்கும். அன்றைக்கு அது கழுதையைப் பிடித்துக்கொண்டது.

"நம்ம கழுதையண்ணனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய காது? முதலாளி திட்டுறதுல ஒரு சொல்கூடக் கீழே சிந்தாம பிடிக்கத்தான்!"

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது கழுதைதான். அதன் முதலாளி அப்படித்தான் திட்டுவான்.

மறுநாள் காலையில் காளை கழுதையிடம் வந்து நின்றது. முந்தின நாள் அது குளத்தங்கரைப் பக்கமே வரவில்லை.

"அந்த மைனா உன் இனத்தையே கேவலப்படுத்தியிருக்கு. உன் மனசு புண்பட்டிருக்கு. கிளம்பு."

"எனக்கு ஒண்ணும் புண்படலையே அண்ணே."

"அது உனக்குத் தெரியாது. நாங்க சொல்றோம்."

கழுதையை முன்னால் நிறுத்தி ஒரு கூட்டமே மரத்தடிக்குப் போனது. காளை முட்டிய முட்டில் கூடு விழுந்து சிதறியது. மைனா நடுங்கிக்கொண்டே கழுதையிடம் மன்னிப்புக் கேட்டது. அப்போதுதான் கழுதைக்கு மனசு வலித்தது.

அதற்குப் பிறகு மைனா வாயே திறக்கவில்லை. கழுதை நாலு நாள் பொறுத்துப் பார்த்தது. ஐந்தாம் நாள் ஒரு வாய் வைக்கோலைக் கவ்விக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தது.

"கூடு கட்டிக்கோ தங்கச்சி. அப்படியே ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

"யாராவது கேட்டுட்டா?"

"கேட்காது. நீ சொல்றப்போ நான் சத்தமாக் கத்துறேன்."

மைனா கழுதையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. "அப்போ உனக்கும்தானே கேட்காது!"

கழுதைக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அந்தச் சத்தத்தில், தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த காளை தலையைத் தூக்கியது. கழுதை அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே சிரித்தது.