விதை இருந்த கல்

கல்லாகிப்போன அந்த இலையைப் பெரணிச் செடியின் இலை என்று முப்பது வருடங்களுக்கு முன்னால் அடித்துச் சொன்னவளே மரகதவல்லிதான். ஓய்வுபெற்ற பிறகுதான் இலையோரத்தில் ஒட்டியிருந்த விதை அவள் கண்ணில் பட்டது. பெரணிக்கு ஏது விதை? கல்லைத் தூக்கிக்கொண்டு தாவர வகைப்பாட்டுக் குழுவிடம் ஓடினாள்.

ஈரம் பட்டால்தான் விதை தெரியும். எச்சிலைத் தொட்டுத் தடவி, தலைவர் முன்னால் நீட்டினாள். "பாருங்க சார்."

அவர் கல்லைப் பார்க்கவில்லை. அவளுடைய பழைய கட்டுரைகளைத் தின்று வளர்ந்த நிபுணர் இயந்திரத்தைக் கேட்டார். அது அவள் குரலிலேயே சொன்னது: "பெரணிதான். சந்தேகமே வேண்டாம்."

"நான் உயிரோட இங்க நிக்கிறேனே சார்! அது தப்புன்னு நானே சொல்றேன்."

"நீங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வீங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வீங்க மேடம். அது மாத்திப் பேசாது."

போனால் போகிறதென்று அவர் குனிந்தபோது கல் காய்ந்திருந்தது. விதையைக் காணோம். மறுபடி தடவலாமென்றால் அவள் வாய் வறண்டு கிடந்தது.

வீட்டில் மகள் ஆவலாகக் கேட்டாள். "கடைசில யாரு சொன்னதம்மா ஏத்துக்கிட்டாங்க?"

செருப்பைக் கழற்றியபடியே மரகதவல்லி சொன்னாள்.

"நான் சொன்னதைத்தான்."