டிக்கெட் எடுக்கப் போகும் முட்டை

நான் சொல்வதை நம்பாதவர்கள் அந்த டவுன் பஸ்ஸையே கேட்டுக்கொள்ளலாம். அப்போது அதற்கு வாய் இருந்தது. பசு, எருமை, பெட்டைக்கோழி எதற்கும் அதில் டிக்கெட் கிடையாது. ஆணாகப் பிறந்தது மட்டும்தான் காசு கொடுக்க வேண்டும். அதனால் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடும்.

பூவாத்தா என்ற எருமை மூன்று நாளாக முன்னங்காலைத் தூக்கிக் காட்டியும் பஸ் நிற்கவில்லை. பக்கத்து ஊரில் அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். நாலாம் நாள் ஒரு கோழியிடம் முட்டை வாங்கிவந்து ரோட்டோரம் வைத்தாள். பஸ் கிறீச்சென்று நின்றது.

"இது யாரு, அக்கா?"

"சேவலாகப் போற முட்டை, தம்பி. பொரிஞ்சதும் முழு டிக்கெட் எடுக்கும். நான் துணைக்கு வர்றேன்."

"சேவல்னு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பாரேன்!"

பஸ் உற்றுப் பார்த்தது. அப்படித்தான் இருந்தது.

முட்டையை இன்ஜின் சூட்டில் வைத்து, பூவாத்தாவையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. மகள் கன்று ஈனும் நேரத்துக்கு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு முட்டையைப் புரட்டிவிட ஆள் வேண்டுமே என்று பஸ்ஸே தினமும் ஹாரன் அடித்து அவளைக் கூப்பிட்டது. அவளும் தினமும் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வந்தாள்.

இருபத்தோராம் நாள் முட்டை உடைந்தது. பஸ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியது.

"எனக்கெதுக்கு அண்ணே? நான் பெட்டையாச்சே!" என்று சொல்லிவிட்டுக் குஞ்சு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது.

பஸ் வெகுநேரம் உறுமிக்கொண்டே நின்றது. கடைசியில் பூவாத்தாவைக் கேட்டது:

"அந்தக் கோழி அடுத்த முட்டை எப்பக்கா போடும்?"