'ஆம்' அமுக்கும் முன்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நடுவில் எவரும் எட்டிப் பார்க்காதிருக்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் தமயந்தி அந்த இணைப்புகளையெல்லாம் என்க்ரிப்ட் செய்தாள். இனி இணைக்கும் முன் திரை, "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று கேட்கும். தனக்குப் போன் போட்டு, திரையில் கூடவே வரும் கோட் நம்பரைச் சரிபார்க்காமல் யாரும் 'ஆம்' அமுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். அத்தனை பேரும் அமுக்கினார்கள்.

ஒருவர் மட்டும் கூப்பிட்டார்.

"ஏம்மா, இசக்கிமுத்து பேசுதேன். நம்பலாமான்னு கேக்கு. ஒன்னக் கேக்காம எப்படி அமுக்க?"

தமயந்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம்பரை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

போனை வைத்த கையோடு அறையைப் பார்த்துக் கத்தினாள். "இசக்கிமுத்து சாரைப் பாத்துக் கத்துக்கங்க!"

பக்கத்து மேஜை வைத்திலிங்கம் மெல்ல வாயைத் திறந்தார். "மேடம், போன மாசம் அவரு காரியத்துல நீங்க ரெண்டாந்தடவ பாயசம் வாங்குனீங்களே."

இசக்கிமுத்துவின் ஆபீஸ் கம்ப்யூட்டரை அவர் போனபின் யாருமே தொடவில்லை. தமயந்தி தன் இடத்திலிருந்தே அவசர அவசரமாக அதனுடன் இணைத்தாள். "நம்பலாமா?" என்றது திரை. பதற்றத்தில் அவள் விரல் 'ஆம்' பக்கம் போனது. போன் அடித்தது.

"ஏம்மா, நீயுமா? அமுக்கிராத. நம்பர நான் வாசிக்கேன், சரிபாத்துக்க."