பந்திக்கு வராதவள்

இந்த மாதமும் கணக்கு டீச்சர் எழுந்து போகவில்லை.

திருவிருந்து நாள். வரிசை வரிசையாக எல்லோரும் முன்னால் போய் முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு பயபக்தியோடு திரும்பினார்கள். டீச்சர் மட்டும் நடுப் பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இதைக் கண்டுபிடித்தது பெண்கள் சங்கத் தலைவி. அப்பம் நாக்கில் கரைந்துகொண்டிருக்கும்போதே அவள் கண் ஓரமாகத் திரும்பி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டவர் பாவிகளைத் தேடி வந்தார் என்பார்கள். பாவிகளைத் தேடுவதில் தலைவியும் சளைத்தவள் இல்லை.

சபைப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் மைக் அக்கா. ஜெப நேரத்தில் மைக் அவள் கைக்குப் போனால் லேசில் திரும்பி வராது. யார் வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போயிற்று, யார் மகன் யாரோடு சுற்றுகிறான் என்று ஆண்டவருக்கு ஒன்றுமே தெரியாதது போல விலாவாரியாக எடுத்துச் சொல்லி ஜெபிப்பாள். சபையும் கண்ணை மூடிக்கொண்டு காதை நன்றாகத் திறந்து வைத்திருக்கும்.

"சும்மா ஒருத்தி பந்திக்கு வராம இருப்பாளா? உள்ளுக்குள்ள ஏதோ பெரிய பாவம் இருக்கு" என்று ஆராதனை முடிந்த கையோடு வாசலிலேயே ஆரம்பித்தாள். அன்று மாலைக்குள் ஆளுக்கொரு பாவத்தை டீச்சர் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோடோ பழக்கம் என்றார்கள். புருஷனைக் கைநீட்டி அடிக்கிறாள் என்றும் சொன்னார்கள்.

பேச்சோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீச்சர் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவள். சொந்தமாகப் பிள்ளை இல்லாத அவளுக்கு அந்த வகுப்புதான் உயிர். அதை அவளிடமிருந்து பிடுங்கியே ஆக வேண்டும் என்று தலைவி சபைக் கமிட்டியில் ஒற்றைக் காலில் நின்றாள்.

போதகர் டீச்சரைக் கமிட்டி முன்னால் கூப்பிட்டு, சங்கடத்தோடு காரணம் கேட்டார்.

"ஒருத்தர் மேல எனக்கு மனசுல கசப்பு இருக்கு ஐயா. அதை உள்ளே வச்சுக்கிட்டு திருவிருந்து மேசைகிட்ட வர பயமா இருக்கு."

யார் மேல் என்று கேட்டார்கள். பேரைச் சொன்னால் அவங்களுக்குத்தான் அவமானம், வேண்டாம் என்றாள். சொல்லாவிட்டால் வகுப்பு போய்விடும் என்று பயமுறுத்திப் பார்த்தார்கள். அப்படியும் டீச்சர் பேரைச் சொல்லவில்லை.

"மனசுல கசப்பை வச்சிருக்கவ பிள்ளைங்களுக்கு அன்பைப் பத்தி என்னத்தைச் சொல்லிக்கொடுப்பா?" என்று தலைவி ஒரே போடாகப் போட்டாள். கமிட்டிக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த ஞாயிறே வகுப்பு தலைவியின் மருமகள் கைக்கு வந்தது.

ஜெயித்தும் தலைவிக்கு நிம்மதி இல்லை. யார் அந்த ஆள்? மாமியாரா, தலைமையாசிரியரா, ஒருவேளை போதகரேதானா? தெரியாவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் முகத்தில் நிறையப் பரிதாபமுமாக டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டீச்சர் முகம் சுளிக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"உன் வீட்டுக்காரரைச் சபைப் பக்கமே காணோமே" என்று தலைவி தூண்டில் போட்டாள். டீச்சரின் கணவர் ஏசி மெக்கானிக்.

"வர்றதில்லை அக்கா. குடியை விட்டுட்டு ஒரு வருஷமா ஒழுங்கா வந்துட்டிருந்தார். நடுவுல ஒருநாள் மறுபடி குடிச்சிட்டார். அன்னைக்கு உங்ககிட்ட வந்து அழுதேனே."

"ஞாபகம் இல்லாம என்ன? அந்த ஞாயித்துக்கிழமையே அவர் பேரைச் சொல்லி மைக்ல ஜெபிச்சேனே. சபையே ஆமென் சொல்லுச்சு."

"ஆமாக்கா. அவரும் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுட்டுதான் இருந்தார். பாதி ஜெபத்துல எழுந்து வெளியே போனவர், இப்ப தினமும் குடிக்கிறார்."

தலைவி உச்சுக் கொட்டினாள். பெண்டாட்டியே பந்திக்கு வராதபோது புருஷன் எப்படித் திருந்துவான் என்று கேட்டாள். மன்னிப்பின் மகிமையைப் பற்றி, டீ தீர்ந்து டம்ளர் காயும்வரை பேசினாள். என்னைப் பார், யார் மேலும் எனக்கு ஒரு துளி கசப்பு உண்டா என்றும் கேட்டாள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிக்கணும்னுதான் தினமும் முழங்கால்ல நிக்கிறேன் அக்கா. மன்னிச்சிட்டேன்னு வாய் சொல்லுது. மனசு வர மாட்டேங்குது."

ஆள் யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தலைவி ஆசையோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரும்மா, இதை இன்னிக்கே முடிச்சிடுவோம். அது யாரா இருந்தாலும் சரி, எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சரி, நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நேருக்கு நேர் பேசிடு. கிளம்பு."

"அவ்வளவு சிரமப்பட வேண்டாம் அக்கா" என்றாள் டீச்சர். "அவங்க என் வீட்டு டீயைக் குடிச்சிட்டு, என் எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க."