கால் நனைக்கப் போனவர்

ஒலிபெருக்கி மறுபடியும் அதையே சொன்னது. "ஆரணிப் பட்டு ஸ்டால் கந்தசாமி, எங்கிருந்தாலும் உடனே ஸ்டாலுக்கு வரவும்."

அதே மூச்சில், நாளைக் காலை பஜார் தெருவில் புது ஃபர்னிச்சர் கடை திறப்பு விழா, முதலில் வருகிறவர்களுக்கு எவர்சில்வர் கிண்ணம் இலவசம், மேடையருகே பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டி என்று ஒப்பித்தது. அந்த மைக் செட்காரனுக்கு எல்லாம் ஒன்றுதான். காணாமல் போன மனுஷனும் ஒன்றுதான், கிண்ணமும் ஒன்றுதான்.

பாஞ்சாலை ஸ்டால் வாசலில் நின்று கடற்கரையைப் பார்த்தாள். கோடை விழாவுக்கு வந்த கூட்டம் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தது. மீன்பிடிக்கத் தடை போட்டிருந்த மாதம். படகெல்லாம் கரையேறிக் கிடக்க, கடலில் ஒரு விளக்குகூட இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது.

"சும்மா கால நனைச்சிகினு வந்துர்றேன்" என்றுதான் அவள் புருஷன் போனார். அப்போது நல்ல வெளிச்சம். செருப்பைக் கழற்றி, ஸ்டாலில் போட்டிருந்த தறிக்கு அடியில் விட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து ஸ்டாலில் சங்கு மாலை விற்கிற சசிகலா உள்ளூர்க்காரி. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கண்ணு சரியில்லாத மனுஷனத் தனியா வுட்டியேக்கா. கடலு இன்னிக்கி நல்லால்ல."

"வந்துருவாரு" என்றாள் பாஞ்சாலை. "புதுப் பாவு சேத்து வெச்சிகிறாரு பாரு."

சசிகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படிப் புரியும்? நெசவாளர் ஊரான சேவூரில் பிறந்திருந்தால் புரிந்திருக்கும்.

நெய்து முடித்த புடவையை அறுத்த பிறகு, தறியில் மிஞ்சி நிற்கிற பழைய நுனிகளோடு புதுப் பாவின் நீளவாட்டு இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. இடுப்பு ஒடிந்துவிடும். குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிறவன் புடவையை அறுத்த கையோடு போவான். இவ்வளவு பாடுபட்டுப் பாவைச் சேர்த்தவன் ஒரு முழமாவது நெய்யாமல் எழுந்து போவானா? எந்த நெசவாளியும் போகமாட்டான்.

தை மாதம் அப்படித்தான் போனார். கண் நரம்பு காய்ந்துபோய்விட்டது, இருக்கிற பார்வையும் தங்காது என்று டாக்டர் கையை விரித்த வாரம் அது. புடவையை அறுத்து, மடித்துவைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கிளம்பிவிட்டார். நாயாய் அலைந்து அரக்கோணம் பிளாட்பாரத்தில் கண்டுபிடித்தாள்.

"உனக்கு பாரமா இருந்துகினு நான் இன்னா பண்ணப்போறேன்" என்றார்.

பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து தறியில் அறுத்த நுனிகள் வெறுமனே தொங்கினாலே அவரைத் தேடி வாசலுக்கு ஓடுவாள்.

நாலு பேர் பார்க்க நெய்தால் அவருக்கு மனசு தேறும் என்றுதான், இந்த விழாவுக்கு நெசவு காட்ட ஆள் கேட்டதும் ஒத்துக்கொண்டாள். தறியைக் கழற்றிக் களம்பூர் அரிசி லாரியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முந்தாநாள் இங்கே புடவை முடிந்தபோது பக்கென்றது.

ஆனால் அவரே புதுப் பாவைக் கொண்டுவரச் சொன்னார். நேற்றும் இன்றுமாகக் குனிந்த தலை நிமிராமல் இழை சேர்த்தார். உதவிக்குப் போனால் விரட்டினார். "கண்ணுதான் போச்சி. விரலு பாத்துக்கும், நீ போ."

முடித்த பிறகும் தறிக்கு அடியில் புகுந்து வெகுநேரம் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்குக் கயிறு தொய்ந்திருக்கிறது என்றார். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓடிப்போய் அவருக்குப் பிடித்த சோன்பப்டி வாங்கி வந்தாள். பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இருந்தது.

கயிறு இழுக்கும் போட்டிக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் தறியைப் பார்த்து நின்றார்கள். "நெய்து காட்டுங்கக்கா" என்றாள் ஒருத்தி.

நின்று நின்று பயப்படுவதற்கு இதுவே தேவலை. பாஞ்சாலை தறியில் ஏறி உட்கார்ந்தாள்.

இந்தத் தறியில் உட்காருவது அவளுக்கு எப்போதும் ஒரு சள்ளை. அவர் பனைமர உயரம், தறிக்கு அடியில் கயிற்றில் தொங்கும் மிதிகட்டை அவருடைய காலுக்குக் கட்டினது. அவள் உட்காரும் பலகையின் நுனிக்கு நகர்ந்து, பெருவிரலால் துழாவித்தான் மிதிக்க முடியும். மிதியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்களேன் என்று கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சியிருக்கிறாள். என் முட்டி மேலே இடிக்கும், நீ வேண்டுமானால் வளர்ந்துகொள் என்று சிரிப்பார். இதுவரை மாற்றிக் கட்டியதில்லை.

வழக்கம்போல் பலகையின் நுனிக்கு நகர்ந்தாள். வழக்கம்போல் காலை நீட்டிப் பெருவிரலால் துழாவினாள்.

மிதி முட்டுக்கொடுத்தாற்போல் பாதத்தில் வந்து தட்டியது.

பின்னால் நகர்ந்து, பலகையில் நன்றாக உட்கார்ந்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். வலது பாதமும் இடது பாதமும் முழுசாகப் பதிந்தன. கயிறுகள் இரண்டும் புதுசு. அவள் உயரத்துக்கு அளவெடுத்துக் கட்டியது போல் இருந்தன. அவருடைய முட்டி இனி இதற்குள் நுழையாது. இந்தப் பாவும் அவர் நெய்யச் சேர்த்ததில்லை.

"நெய்யுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

ஒலிபெருக்கி மறுபடியும் கந்தசாமியைக் கூப்பிட்டது. தறிக்கு அடியில் கிடந்த அவருடைய செருப்பை மிதித்துக்கொண்டு பாஞ்சாலை கடலை நோக்கி ஓடினாள்.