ஒரு படித் தண்ணீர்

அணையின் மதகு திறந்ததும் தண்ணீர் இறங்கி, முங்கிக் கிடந்த படிக்கட்டில் ஒரு படி வெளியே தெரிந்தது. விரால் மீனுக்கு வயிறு எரிந்தது.

“எங்க தண்ணியை எவன் வயலுக்கோ வாரி விடுறியே, மூடு” என்றது மதகிடம்.

“எங்க போகுதுன்னு நான் பார்த்ததே இல்லையே” என்றது மதகு.

அந்தப் படியில் றெக்கை உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகம், “பார்த்துட்டு வர்றேன்” என்று தண்ணீரோடு பறந்தது. பல நாள் கழித்து மெலிந்துபோய்த் திரும்பியது.

“வழியெல்லாம் மாடும் மனுசரும் குடிக்கிறாங்க. சாக்கடை தேங்கிக் கறுத்துக் கிடந்த வாய்க்கால்ல இப்ப அடிமணல் தெரியுது. கடைசி வயலைப் பார்த்துடலாம்னுதான் போனேன். றெக்கை ஓஞ்சுபோச்சு. தண்ணி இன்னும் போய்க்கிட்டே இருக்கு.”

விரால், காய்ந்து நின்ற அந்த ஒற்றைப் படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.